சொல்தா கத்தி காணோம்!

அத்தியாயம் ஐந்து

அறுபத்திரண்டாவது கத்தியை ராஜாங்கம் முதலாளி துணியால் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தபோது, துப்பறியும் அப்பாதுரைக்கு இரண்டு காலும் மரத்துப் போயிருந்தன. எழுந்து நிற்கலாம் என்றால் கௌரவம் இடித்தது. துப்பறிபவன் துவளக் கூடாது என்று அவரே அவருக்கு ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தார்.

"இது கடைசி," என்றார் ராஜாங்கம்.

"ஐயையோ, அதுக்குள்ளயா?" என்றாள் பாஞ்சாலை.

அப்பாதுரை அவளை முறைத்தார். முறைத்து என்ன பிரயோசனம்? பாஞ்சாலை அவருக்கு உதவியாளராக வருவதற்கு முன்னால் வானூர் தாலுகா ஆபீஸ் வாசலில் பன்னிரண்டு வருஷம் மனு எழுதிப் பிழைத்தவள். தாசில்தார் முறைப்புக்கே அசையாதவள், போயும் போயும் ஒரு பழைய பஸ் டிக்கெட் பரிசோதகருக்கா பயப்படுவாள்? ஆமாம், நம்முடைய அப்பாதுரை அந்த உத்தியோகத்தில்தான் இருந்தார். டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவார். அந்தத் திமிரில்தான் வேலையை விட்டுவிட்டு, பெரிய முதலியார்சாவடியில் 'துப்பறியப்படும்' என்று போர்டு மாட்டியிருந்தார்.

பெட்டி என்னவோ அழகான பெட்டிதான். சிவப்பு வெல்வெட்டு, அறுபத்து மூன்று குழி. குழிக்கு ஒரு மடக்குக் கத்தி. ஆட்டுக்கொம்புப் பிடி, மாட்டுக்கொம்புப் பிடி, பித்தளைப் பிடி, மீன் மாதிரி வளைந்தது, சாண் நீளத்தில் ஒன்று, உள்ளங்கை அளவில் ஒன்று. பதினேழாம் நம்பர் குழி மட்டும் காலியாகக் கிடந்தது.

"அறுபத்து மூவர்ல ஒருத்தர் கோயிலை விட்டுக் கிளம்பிட்டாரு," என்று பாஞ்சாலை முணுமுணுத்தாள்.

"பதினேழு சாதாரணக் கத்தி இல்ல சார்," என்றார் ராஜாங்கம். காலிக் குழியைத் தடவினார். "புதுச்சேரியில ஒரு சொல்தா கிட்ட வாங்கினது. பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போயி, சைகோன் வரைக்கும் பாத்துட்டு வந்த மனுஷன். ஆறு மாசம் அவர் வீட்டுக்கு நடையா நடந்தேன். மடக்கினா இத்துனூண்டு. விரிச்சா டிக்குன்னு ஒரு சத்தம் கேக்கும் பாருங்க, அந்தச் சத்தத்துக்கே சொத்து எழுதி வைக்கலாம்."

"இருபது வருஷத்துல இதுங்க எதையாவது அறுத்திருக்குதுங்களா?" என்று பாஞ்சாலை கேட்டாள்.

"அறுக்கறதாவது! மேல கைபட்டாலே துருப்புடிக்கும். நம்ம ஊரு உப்புக் காத்து தெரியுமில்ல? வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை எண்ணெய் போட்டு வைக்கறேன்."

பாஞ்சாலை அப்பாதுரையின் காதருகில் குனிந்தாள். "அதுங்க அறுக்காததுக்கும் சேத்து இவரு அறுக்கறாரு சார்."

விஷயம் சிரிக்கிற விஷயமாக இல்லை. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ராஜாங்கத்தின் ஒரே மகள் அமராவதிக்கு அன்று சாயங்காலம் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை கீழ்புத்துப்பட்டு செல்லப்பன், மின்சார வாரியத்தில் லைன்மேன். நாலரைக்கு ராகுகாலம் பிறக்கிறது. அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். ராஜாங்கமோ, மாப்பிள்ளைதான் கத்தியைத் திருடினான், வந்ததும் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டுத்தான் மறுவேலை என்று ஒற்றைக்காலில் நின்றார்.

அப்பாதுரையைக் கூப்பிட்டது அவரில்லை, அமராவதி. கார்டில் நாலே வரி எழுதியிருந்தாள். 'ஐயா, அப்பாவுக்குக் கத்திதான் உசுரு. எனக்குக் கட்டிக்கப்போறவருதான். அவரு திருடலை. ஞாயிற்றுக்கிழமைக்குள் நிரூபித்துக் கொடுக்கவும்.' படித்தபோதே அப்பாதுரைக்கு நெஞ்சு இளகிவிட்டது. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

"மாப்பிள்ளைதான் எடுத்தாருன்னு எப்படிச் சொல்றீங்க?" என்று நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

"புதன்கிழமை அவரு முகூர்த்த ஓலை கொண்டாந்து குடுத்தாரு. உக்கார வச்சி எல்லாத்தையும் காட்டினேன்."

"அறுபத்து மூணையும்?"

"ரெண்டு மணி நேரம். வாயே திறக்காமக் கேட்டாரு. நல்ல புள்ளன்னு நெனச்சேன். நான் கை கழுவிட்டு வர்றதுக்குள்ள சொல்லாமக் கொள்ளாமக் கிளம்பிட்டாரு. ராத்திரி பெட்டியை மூடப் போறேன், பதினேழு இல்ல! மறுநாள் நம்ம உப்பளத்துல உப்பு வாரற குப்பம்மாளக் கேட்டேன். நான் ரோட்டு மேல, அவ பாத்திக்குள்ள, நடுவுல உப்பு லாரி ஓடிக்கிட்டு இருக்குது. 'மாப்பிள்ளைய பாத்தியா'ன்னேன். 'கத்தி எத்துகினு போனாரு'ன்னுட்டா. இன்னும் என்ன சாட்சி வேணும்?"

அப்பாதுரை எழுதிக்கொண்டார்: 'கத்தியை எடுத்துக்கொண்டு சென்றார். நேரில் கண்ட சாட்சி.' எழுதும்போதே மனசு சோர்ந்தது. கதவிடுக்கில் அமராவதியின் கண் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து ராஜாங்கத்தின் மனைவி ஞானாம்பாள் காப்பியோடு வந்தாள். காலையிலிருந்து கேசரி, பஜ்ஜி, பந்தி என்று ஓடிக்கொண்டிருந்த அம்மாள்.

"ஏம்மா, புதன்கிழமை நீங்க அந்தப் பெட்டியிலேருந்து கத்தி ஏதாவது எடுத்தீங்களா?"

"நான் எதுக்குங்க கத்தி எடுக்கறேன்? என் அருவாமனை இருக்குது, அது போதும்."

"மாப்பிள்ளைக்கு என்ன குடுத்து அனுப்பினீங்க?" என்று பாஞ்சாலை கேட்டாள்.

"தூக்குப் பையில, எலை மடிச்சு நண்டு வறுவல். சம்பந்தியம்மாவுக்குப் புடிக்கும்னாங்க."

"நண்டைப் பத்தி அப்புறம் விசாரிக்கலாம்," என்றார் அப்பாதுரை. "முதல்ல குப்பம்மாள். நட!"

*

வெள்ளை வெளேரென்று உப்புப் பாத்திகள். மூன்று மணி வெயில் கண்ணில் குத்தியது. பாஞ்சாலை குடையை விரித்துத் தனக்கு மட்டும் பிடித்துக்கொண்டாள்.

"நோட்டுல இருக்கறத எதுக்கு சார் மறுபடியும் கேக்கப் போறோம்?"

"அதான் விசாரணை முறை."

"அது சரி. ஆனா குப்பம்மா வாயால சொன்னதை முதலாளி காதால கேட்டு, அதை நீங்க செந்தமிழாக்கி எழுதிட்டீங்க. மனு எழுதறப்போ சொன்னதைச் சொன்னபடிதான் எழுதணும். இல்லாட்டி மாட்டைக் காணோம்னு வந்தவன் பாட்டைக் காணோம்னு திரும்பிப் போவான்."

குப்பம்மாள் பலகையால் உப்பை வாரிக் குவித்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயசு. தலையில் முண்டாசு. பத்து ஏக்கர் தள்ளி நிற்பவனுக்கும் சேர்த்துப் பேசுகிற குரல்.

"புதன்கிழமையா? பாத்தனே! மாப்ள கத்திகினு போனாரு."

"அப்படிச் சொல்லு! எந்தக் கையில?" என்று அப்பாதுரை பென்சிலை நீட்டினார்.

"இன்னா?"

"கத்தி எந்தக் கையில?"

குப்பம்மாள் பலகையைக் கீழே போட்டாள். பாஞ்சாலையைப் பார்த்து, "ஏம்மா, இவருக்கு வெயிலு தலைக்கு ஏறிச்சா? கையால யாராச்சும் கத்துவாங்களா? வாயாலதான் கத்துனாரு."

அப்பாதுரையின் பென்சில் அந்தரத்தில் நின்றது.

"இன்னொரு தபா சொல்லு."

"கத்திகினு போனாரு! கத்...திகினு! தொண்ட கிழிய! 'ஓல்டான் ஓல்டான்'னு. அஞ்சேகால் பஸ்ஸு நிக்காம போயிகினு இருந்துச்சு. ஒரு கையில தூக்குப் பை, ஒரு கையில வேட்டி. பாவம், செருப்பு ஒண்ணு பாத்தியில உழுந்துச்சு, அதக்கூட எடுக்கல. அதான் மொதலாளி கேட்டாரு, சொன்னேன். நான் இன்னா தப்பா சொல்லிட்டேன்?"

பாஞ்சாலைக்குச் சிரிப்பு பீறிட்டது. குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டாள். "இருபது வருஷமா கத்தி கத்தின்னு கெடந்த மனுஷன் காதுல, வேற எப்படி சார் விழும்?"

அப்பாதுரை மீசையைத் தடவினார். டிக்கெட் இல்லாதவனைப் பிடித்தபோதெல்லாம் வந்த அதே ஆனந்தம். "கவனி பாஞ்சாலை. ஒரு கையில தூக்கு, ஒரு கையில வேட்டி. கத்தி பிடிக்க மூணாவது கை கிடையாது!"

"சட்டைப் பை இருக்குமே சார்?"

"கத்தி திருடினவன் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி ஊரைக் கூட்டுவானா? பூனை மாதிரிப் போவான்."

"அது ஒத்துக்கற மாதிரி இருக்குது. அப்போ கத்தி எங்க?"

"அது அடுத்த கேள்வி," என்றார் அப்பாதுரை. சொல்லிவிட்டு, மூன்றாவது கேள்வி வருவதற்குள் வீட்டுப் பக்கம் வேகமாக நடையைக் கட்டினார்.

*

வீட்டுக்குத் திரும்பியபோது மணி மூன்று ஐம்பது. கூடத்தில் ஜமக்காளம் விரித்தாகிவிட்டது. அப்பாதுரை நடுவில் நின்று, குப்பம்மாள் சொன்னதை அவள் குரலிலேயே சொல்லிக் காட்டினார். "கத்...திகினு!"

ராஜாங்கத்தின் முகம் சுருங்கியது. "அட கடவுளே. லாரி சத்தத்துல... நான் எத்துகினுன்னு..." என்று தலையைச் சொறிந்தார். "அப்போ மாப்பிள்ள எடுக்கலையா?"

"எடுக்கவே இல்ல. என் மீசை மேல சத்தியம்."

கதவுக்குப் பின்னாலிருந்து அமராவதி கையெடுத்துக் கும்பிட்டாள். கண்ணில் தண்ணீர். அப்பாதுரைக்கு உடம்பு புல்லரித்தது. வாழ்க்கையில் இப்படி ஒரு நிமிஷம் போதும் என்று தோன்றியது.

நிமிஷம் என்றால் உண்மையிலேயே ஒரு நிமிஷம்தான். வாசலில் வில்வண்டி வந்து நின்றது. மாப்பிள்ளை செல்லப்பன் இறங்கினான். ஒல்லி உடம்பு, புதுச் செருப்பு. பின்னாலேயே அவன் அம்மா கொளஞ்சியம்மாள், பட்டுச் சேலையும் பூத்தட்டுமாக. ராஜாங்கம் மனசு குளிர்ந்து போய் ஓடிப்போய் வரவேற்றார். திருடன் என்று நினைத்த குற்ற உணர்ச்சியில் வழக்கத்தைவிட ஒரு கும்பிடு கூடுதலாகவே போட்டார்.

"இந்தாங்க சம்பந்தி, உங்க வீட்டுத் தூக்குப் பை," என்றாள் கொளஞ்சியம்மாள். "வெறுஞ் சாமானைத் திருப்பித் தரக்கூடாதுன்னு ரெண்டு அதிரசம் போட்டாந்தேன். நண்டு வறுவல் ஏ கிளாசு!"

"எதுக்குங்க இதெல்லாம்," என்று சிரித்துக்கொண்டே ராஜாங்கம் பைக்குள் கையை விட்டார்.

சிரிப்பு அப்படியே உறைந்தது. கை மெதுவாக வெளியே வந்தது. கையில் அதிரசம் இல்லை. சுண்டுவிரல் நீளத்தில், கொம்புப் பிடி போட்ட ஒரு மடக்குக் கத்தி இருந்தது.

"பதினேழு!" என்று அலறினார். "பதினேழு! அடப்பாவி, திருடன்! திருடனேதான்!"

ஒருவர் விடாமல் எல்லாரும் முதலில் செல்லப்பனைப் பார்த்தார்கள், அப்புறம் அப்பாதுரையின் மீசையைப் பார்த்தார்கள். அப்பாதுரைக்குப் பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை போலிருந்தது.

"யார் திருடன்?" கொளஞ்சியம்மாளின் குரல் கூரையில் போய் இடித்தது. "எம்புள்ளயவா சொன்னீங்க? டேய் செல்லப்பா, எடுறா தட்டை! நாம போலாம்!"

"அம்மா, நான் எதையும் எடுக்கலம்மா!" செல்லப்பன் சட்டைப் பையை உதறிக் காட்டினான்.

மணி நாலு பத்து.

பாஞ்சாலை முன்னால் வந்தாள். ராஜாங்கத்தின் கையிலிருந்து பையை வாங்கி ஜமக்காளத்தில் கவிழ்த்தாள். ரெண்டு அதிரசம் விழுந்தது. அதோடு கறுப்பாக ஒரு துண்டும் உருண்டு வந்தது.

அவள் அதை எடுத்துக் காட்டினாள். "சார், கத்தி திருடறவன் அதோட எதுக்கு அடுப்புக்கரியும் திருடறான்?"

ஆம்பிளைகள் ஒருத்தருக்கும் ஒன்றும் புரியவில்லை. பொம்பிளைகள் பக்கம் மட்டும் ஒரு சலசலப்பு. கொளஞ்சியம்மாள் பாதியில் எடுத்த தட்டைக் கீழே வைத்துவிட்டு ஞானாம்பாளைப் பார்த்தாள். ஞானாம்பாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"அது நான் வச்ச இரும்புங்க," என்றாள் சாவகாசமாக.

"என்னது?" என்றார் ராஜாங்கம்.

"நண்டு வறுவல். வெளக்கு வைக்கற நேரத்துல, புளியமரத்தத் தாண்டி, சுடுகாட்டத் தாண்டிப் போவணும். கவுச்சிக்கு காத்து கருப்பு பின்னாலயே வருமில்ல? இரும்பும் கரியும் வைக்காம எந்த வீட்ல குடுத்து அனுப்புவாங்க?"

"அதுக்கு என் சொல்தா கத்தியா கெடச்சிது?"

"வேற எது இருக்குது இந்த வீட்ல? சாவிக் கொத்து உங்க இடுப்புல. சுவத்துல ஆணியப் புடுங்கினா தூளா கொட்டுது. கரண்டி துரு, கடப்பாரை துரு. துருப்புடிச்ச இரும்புக்குக் காத்து கருப்பு பயப்படுமா? உங்க பெட்டியிலதான் எண்ணெய் போட்டு பளபளன்னு இருக்குது. நீங்க கை கழுவப் போனீங்க. உள்ளதுலயே சின்னதா, மடங்கினா மாப்பிள்ள கையில குத்தாததாப் பாத்து எடுத்து வச்சேன்."

அப்பாதுரைக்கு மூச்சு திரும்பி வந்தது. "ஏம்மா! நான் கத்தி எடுத்தீங்களான்னு தானே உங்களக் கேட்டேன்?"

"நீங்க கத்தியத்தானே கேட்டீங்க? நான் வச்சது இரும்பு." ஞானாம்பாள் நியாயமாகக் கேட்டாள். "இருபது வருஷத்துல ஒரு கத்திரிக்காகூட அறுக்காததை எப்படிங்க கத்தின்னு சொல்றது?"

பாஞ்சாலை நோட்டுப் புத்தகத்தை அப்பாதுரையின் கையிலிருந்து எடுத்து அதையே எழுதிக்கொண்டாள், சொன்னதைச் சொன்னபடி.

துப்புத் துலங்கிவிட்டது. ஆனால் கல்யாணம் துலங்கவில்லை. மணி நாலு பதினேழு.

"அப்போ தெரிஞ்சிபோச்சில்ல?" என்று கொளஞ்சியம்மாள் இடுப்பில் கையை வைத்தாள். "எம்புள்ளய நாலு பேரு முன்னால திருடன்னீங்களே, அதுக்கு என்ன பதில்?"

எல்லாரும் ராஜாங்கத்தைப் பார்த்தார்கள். அவர் பதினேழாம் நம்பரை விரித்துக் கையில் வைத்துக்கொண்டு சிலையாக நின்றார். டிக் என்ற சத்தமே வரவில்லை. அலகு முழுக்கச் செம்மண் பூசினாற்போலத் துரு. ஓரத்தில் ஒரு மீன் செதிள்.

"அதுவா? சும்மாத்தானே கெடந்துச்சு, நாலு நாளா அதுலதான் மீன் சுரண்டினேன்," என்றாள் கொளஞ்சியம்மாள். "சுமாராத்தான் இருந்துச்சு."

ராஜாங்கத்தின் வாய் திறந்தது, மூடியது. அவர் துக்கம் அவருக்கு. ஆனால் பார்க்கிறவர்களுக்கு, மன்னிப்புக் கேட்க மனசில்லாத வீம்பாகத்தான் அது தெரிந்தது.

"பாத்தியா, வாயத் தெறக்கறாரா பாரு. கல்லு மாதிரி நிக்கறாரு. வாடா போலாம்."

நாலு இருபது. "அப்பா!" என்று கதவுக்குப் பின்னாலிருந்து அமராவதி கூப்பிட்டாள். அப்பாதுரை மீசையை இழுத்துவிட்டுக்கொண்டார். திருடனைப் பிடிக்கலாம், கத்தியைப் பிடிக்கலாம். பேசாத மனுஷனை எப்படிப் பேச வைப்பது? அதற்குத் துப்பறியும் சாஸ்திரத்தில் வழி இல்லை.

செல்லப்பன் வாசல் வரை போய்விட்டான். செருப்பில் காலை நுழைத்தவன், அமராவதியின் குரல் வந்த பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து ராஜாங்கத்தின் பக்கத்தில் நின்றான்.

"மாமா, இந்தத் துரு போவுமா?"

ராஜாங்கம் நிமிர்ந்தார்.

"போவும்னா எப்படிப் போக்கறதுன்னு சொல்லுங்க. எங்கம்மா பண்ணது. நான் தேச்சிக் குடுக்கறேன்."

இருபது வருஷம். பெண்டாட்டி கேட்டதில்லை, மகள் கேட்டதில்லை, ஊரில் ஒருத்தன் கேட்டதில்லை. பெட்டியைத் திறந்தாலே எல்லாருக்கும் எங்கேயாவது அவசர வேலை வந்துவிடும். ராஜாங்கத்தின் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. கத்தியை ஜமக்காளத்தில் போட்டார். ஆமாம், போட்டார். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, "சம்பந்திம்மா! உங்க புள்ள தங்கம்! நான்தான் மடையன், நான்தான் முட்டாள், பட்டுப்போன என் புத்திக்குத் தட்டு எடுக்கற யோக்கியதையே இல்ல. எம் பொண்ணுக்காக மன்னிச்சிடுங்க!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

கொளஞ்சியம்மாள் மூக்கை உறிஞ்சினாள். அவளும் பெற்றவள்தானே. "சரி சரி, அழாதீங்க. ராகுகாலம் வருது, தட்டை எடுங்க."

நாலு இருபத்தேழுக்குத் தட்டு மாறியது. ஞானாம்பாள் எல்லார் வாயிலும் கேசரியை வைத்தாள். அப்பாதுரை மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு, "நான் சொன்னேனே, மாப்பிள்ளை எடுக்கலைன்னு," என்று யாரிடமாவது சொல்ல ஆள் தேடினார். பாஞ்சாலை அவர் கையில் ஒரு அதிரசத்தைத் திணித்து வாயை அடைத்தாள்.

கூட்டம் சாப்பிட எழுந்தபோது ராஜாங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிவப்பு வெல்வெட்டுப் பெட்டியைக் கூடத்தின் நடுவுக்கு இழுத்து வந்தார். புன்னை எண்ணெய்ப் புட்டியும் கூடவே வந்தது.

"துருவுல நாலு வகை இருக்குது மாப்பிள்ள. அது புரியணும்னா ஒண்ணாம் நம்பர்லேருந்து ஆரம்பிக்கணும்."

கூடம் ஒரு நொடியில் காலி. பாஞ்சாலை குடையைக்கூட மறந்துவிட்டு வாசலுக்கு ஓடினாள். அப்பாதுரை அவளை முந்திக்கொண்டார்.

கதவு படாரென்று திறந்தது. நிச்சயம் முடிந்த பெண் வெளியே தலைகாட்டக் கூடாது என்பதெல்லாம் மறந்துபோய், அமராவதி பட்டுச் சேலையோடு கூடத்துக்கே வந்துவிட்டாள்.

"ஏங்க, வேணாங்க! இன்னொரு தடவைன்னா நாலாம் நம்பருக்கு மேல தாங்க மாட்டீங்க!"

அவள் அவனிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான். செல்லப்பனுக்குக் காது வரை சிவந்தது. அவளைப் பார்த்து ஒரு தடவை சிரித்தான். அப்புறம் ஜமக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மாமனார் பக்கம் திரும்பினான்.

"சொல்லுங்க மாமா."